வாடகை வீட்டில் பாத்ரூம் உடைக்கும் வேலை: தூசி, சிமெண்ட் திட்டு, டிரெயின் அடைப்பு இல்லாமல் முடிப்பது எப்படி?

மூணாவதுமாடி கேட்டது:

சென்னை மடிப்பாக்கத்தில் மூணாவது மாடி, வாடகை வீடு. எங்க காமன் பாத்ரூமிலிருந்து கீழ்வீட்டு சீலிங்கில் தண்ணி கசியுது. ஓனர் கோயம்புத்தூரில் இருக்கார். திங்கட்கிழமை மேஸ்திரி ஆள் கூட்டிட்டு வருவார், தரையை உடைச்சு வாட்டர்ப்ரூஃபிங் பண்ணி புது டைல்ஸ் போட்டுடுவாங்க, அஞ்சு நாளில் முடிஞ்சிடும்னு போனில் சொல்லிட்டார். பாத்ரூம் 8-க்கு 5 அடி.

வேலை நடந்தே ஆகணும், அதில் மறுபேச்சு இல்லை. வீட்டை எந்த நிலையில் விட்டுட்டுப் போவாங்கன்னுதான் கவலை. போன வருஷம் சிங்க் லைன் மாத்த வந்தவங்க ஹால் தரையிலேயே கலவை போட்டாங்க. அந்த வெள்ளைத் திட்டு இன்னும் போகலை. கரண்டி, பாண்டு (கலவைச் சட்டி) எல்லாத்தையும் யுட்டிலிட்டியில் கழுவினாங்க. அங்கே இப்ப ஒரு பக்கெட் தண்ணி இறங்க அஞ்சு நிமிஷம் ஆகுது. கிச்சன் டேப்பில் தண்ணி நூல் மாதிரி வருது. ரப்பிஷ் மூட்டையை கேட் பக்கத்தில் விட்டுட்டுப் போனதுக்கு அசோசியேஷன் கடிதம் எங்க பேருக்குத்தான் வந்தது.

வீட்டில் நாலு வயசுக் குழந்தைக்கு வீசிங் இருக்கு. இந்தத் தடவை ஆள் உள்ளே வர்றதுக்கு முன்னாடியே என்னென்ன செய்து வைக்கணும்? சிமெண்ட் திட்டு எதில் போகும்? சுத்தம் பண்ற செலவு யாருடையது? தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க.

---

கொத்துக்கரண்டி:

வீடு பாழாகறது முக்கால்வாசி ரெண்டு காரணத்தால். ஒண்ணு, இடம் காட்டாதது. கலவை எங்கே போடணும், டைல்ஸ் எங்கே வெட்டணும், கரண்டி எங்கே கழுவணும், ரப்பிஷ் எங்கே அடுக்கணும்: இந்த நாலு இடத்தையும் முதல் நாள் காலையில் நீங்க நேரில் கூட்டிட்டுப் போய்க் காட்டணும். காட்டலைன்னா எது கைக்கு எட்டுதோ அங்கேதான் நடக்கும். ரெண்டாவது, பணம். ஓனர் மேஸ்திரிகிட்ட பேசியிருப்பது மொத்தக் காண்ட்ராக்ட்டா இருக்கும். ஆட்களுக்குக் கூலி நாள் கணக்கு. தினமும் சாயந்திரம் ஒரு சித்தாளை ஒரு மணி நேரம் கூட்டிப் பெருக்க நிறுத்தினால் அது மேஸ்திரி கையிலிருந்து போகிற காசு. அதனால "தினசரி கிளீனிங், ரப்பிஷ் கீழே இறக்கி வண்டியில் அனுப்புறது" ரெண்டும் கொட்டேஷனில் தனி வரியா, தனித் தொகையா இருக்கணும். ஓனரை இன்னிக்கே அதைக் கேட்டு வாங்கச் சொல்லுங்க. மொத்தத் தொகையில் 10 முதல் 15 சதவீதம் வரை கடைசியா, வீட்டைச் சுத்தம் பண்ணி ஒப்படைச்ச பிறகுதான் தரணும்னு அவரே பேசட்டும். நீங்க நேரா மேஸ்திரிகிட்ட மல்லுக்கு நிக்கறதைவிட இது நல்லா வேலை செய்யும்.

ரப்பிஷ் எவ்வளவு வரும்னு முன்கூட்டியே தெரிஞ்சா பாதிச் சண்டை குறையும். 40 சதுர அடியில் பழைய டைல்ஸும் அதுக்குக் கீழே கலவைப் படுகையும் சேர்ந்து ரெண்டரை அங்குலம்னு வைங்க: கிட்டத்தட்ட 8 கன அடி, எடையில் 450-லிருந்து 500 கிலோ. காலி சிமெண்ட் சாக்கில் அரை சாக்குக்கு மேல் ரொப்பக் கூடாது, 25 கிலோதான் தூக்க முடியும், ரொப்பினா அடி கிழிஞ்சு படிக்கட்டில் கொட்டும். அப்படின்னா சுமார் 20 சாக்கு. இது தரை மட்டும். பாத்ரூம் தரை சங்கன் ஸ்லாபா (பைப் போறதுக்காகப் பள்ளமா இறக்கிப் போட்ட காங்கிரீட்) இருந்து, உள்ளே ரொப்பின செங்கல் ஜல்லியையும் எடுக்கணும்னு வந்தா கதையே வேறே. முக்கால் அடி ஆழம்னாலே இன்னும் ஒண்ணேகால் டன் கூடும், மொத்தம் 70 சாக்கு வரைக்கும் போகும். இந்தக் கேள்வியை இப்பவே மேஸ்திரிகிட்ட கேளுங்க: "ஜல்லியும் எடுக்கறீங்களா, மேல் டைல்ஸ் மட்டுமா?" பதிலைப் பொறுத்து வண்டி, ஆள், நாள் எல்லாமே மாறும்.

தரைக்கு. பாத்ரூம் வாசலிலிருந்து மெயின் டோர் வரைக்கும் நாலடி அகலத்துக்கு ஒரு பாதை போடுங்க. முதலில் அந்த இடத்தை நல்லாத் துடைச்சுக் காய விடணும். ஒரு மணல் துகள் அடியில் மாட்டிக்கிட்டாலும் மேலே ஆள் நடக்க நடக்க அது டைல்ஸைக் கீறும். அதுக்கு மேல் அட்டைப் பெட்டியைப் பிரிச்சுப் போடுங்க, அதுக்கு மேல் தார்ப்பாய் அல்லது பழைய ஃப்ளெக்ஸ் பேனர். வெறும் பாலித்தீன் போதாது, ஒரு டைல்ஸ் சில்லு விழுந்தாலே கிழிஞ்சிடும். ஃப்ளெக்ஸ் போட்டா படம் உள்ள பக்கம் மேலே இருக்கட்டும், ஈரத்தில் மை வெள்ளைத் தரையில் ஒட்டலாம். தரையோட ஒட்டறதுக்கு பெயிண்டர் மாஸ்கிங் டேப். பிரவுன் டேப் ஒரு வாரம் தரையில் இருந்தா பசை பிடிச்சிக்கும். அது ஷீட்டையும் ஷீட்டையும் சேர்க்க மட்டும். கதவு நிலையில் ரெண்டு பக்கமும் நாலடி உயரத்துக்கு அட்டை சுத்திடுங்க, மூட்டை தூக்கிட்டுப் போறப்ப இடிக்கிற இடம் அதுதான். பாத்ரூம் வாசலில் நனைச்சுப் பிழிஞ்ச கோணிச் சாக்கு ஒண்ணு போடுங்க, காலில் ஒட்டின சிமெண்ட் அதிலேயே நிக்கும். தினமும் காலையில் அலசிப் போடணும், காஞ்ச சாக்கால் பிரயோஜனம் இல்லை.

கலவை பாத்ரூம் உள்ளேயே பாண்டில் போடட்டும், இடம் போதலைன்னா பால்கனியில் ரெட்டை ஷீட் மேல். டைல்ஸ் வெட்டறது மொட்டை மாடியிலோ பால்கனியிலோ மட்டும். கட்டிங் மிஷின் ஒயர் நுனியை சாக்கெட்டில் செருகித் தீக்குச்சியால் இறுக்கறதைப் பார்த்தீங்கன்னா உடனே நிறுத்துங்க. த்ரீ பின் பிளக் வேணும், ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா லைனை அணைக்கிற சுவிட்ச்) இருக்கிற லைனில்தான் போடணும். தண்ணி விட்டு வெட்டற மிஷினில் இது உயிர் விஷயம், இதில் மட்டும் தயவே காட்டாதீங்க.

லிஃப்டில் ரப்பிஷ் ஏத்த அசோசியேஷன் அனுமதி கொடுத்தா, கேபின் தரைக்கு ஒரு பிளைவுட் துண்டு போடுங்க. கதவு ஓடுற கீழ்ப் பள்ளத்தில் மண் விழுந்தா கதவு முழுசா மூடாது, லிஃப்ட் நின்னுடும். தினமும் கடைசி மூட்டை இறங்கினதும் அந்தப் பள்ளத்தை பெயிண்ட் பிரஷ்ஷால் கூட்டி எடுக்கச் சொல்லுங்க.

ஆட்களுக்குக் குடிக்கத் தண்ணி, கை கழுவ ஒரு இடம், டாய்லெட் எதைப் பயன்படுத்தலாம்ங்கிறதையும் அதே காலையில் சொல்லிடுங்க. அதைச் சொல்லாத வீட்டில்தான் சிமெண்ட் கையோட கிச்சன் சிங்க்குக்குப் போவாங்க. அதுக்கு அவங்களைக் குறை சொல்ல முடியாது.

---

குழாய்வழி:

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனா உங்க வேலையில் திருப்பிச் சரி பண்ணவே முடியாத சேதம் ஒண்ணுதான்: டிரெயினுக்குள் போற சிமெண்ட். தரையில் விழுந்ததைச் சுரண்டலாம். தரை டிரெயினுக்கு அடியில் இருக்கிற நானி டிராப்புக்குள் போனது ராத்திரியே கல்லாயிடும்.

டிராப் அடியில் வளைவு இருக்கு, அதில் எப்பவும் ரெண்டு அங்குலம் தண்ணி நிக்கும். சாக்கடை நாத்தமும் கரப்பானும் மேலே வராமத் தடுக்கிறது அந்தத் தண்ணிதான். கரண்டி கழுவின சிமெண்ட் பால் அங்கே வந்ததும் வேகம் குறைஞ்சு கனமானது எல்லாம் அடியில் படியும். தண்ணிக்குள் இருந்தாலும் சிமெண்ட் இறுகும், இறுகறதுக்குக் காத்து தேவையில்லை. உங்க யுட்டிலிட்டியில் நடந்திருக்கிறது இதுதான்.

உடைக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி டிரெயின் மேல் மூடியிருக்கிற ஜாலியைத் திறந்து, பழைய துணியை உருண்டையாச் சுருட்டி ஒரு பாலித்தீன் பையில் போட்டு, ஒரு நைலான் கயிறு கட்டி டிராப் வாயில் இறுக்கமாச் செருகுங்க. கயித்தோட மறுநுனி வெளியே எங்கேயாவது கட்டியிருக்கணும். கயிறு இல்லாம வெறும் துணியைத் திணிச்சு, அது உள்ளே போய் நாலு வீட்டு லைனும் அடைச்ச சம்பவங்கள் நிறைய உண்டு. மேலே ஒரு பழைய டைல்ஸை வெச்சு ஓரத்தை டேப் போட்டு மூடிடுங்க. வெஸ்டர்ன் டாய்லெட்டைக் கழட்டினா அந்த நாலு அங்குல ஓட்டைக்கும் இதேதான். அதில் விழுற சில்லு நேரா ஸ்டாக் பைப்புக்கு (எல்லா மாடிக்கும் பொதுவா செங்குத்தா இறங்குற பைப்) போகும்.

கழுவறதுக்கு மூணு பக்கெட். முதல் பக்கெட்டில் கரண்டி, மணியாசக்கட்டை (பூச்சை மட்டமாக்கற கட்டை), பாண்டு எல்லாம் முதல் அலசல். ரெண்டாவதில் ரெண்டாவது அலசல். மூணாவது நல்ல தண்ணி. ராத்திரி முழுக்க அப்படியே விட்டா அடியில் சேறு, மேலே தெளிவு. தெளிஞ்ச தண்ணியை மறுநாள் கலவைக்கோ வெளியே மண் தரைக்கோ விடலாம், செடிக்கு விடாதீங்க, சுண்ணாம்புக் காரம் வேரைக் கெடுக்கும். சேத்தைச் சாக்கில் போட்டு ரப்பிஷோட அனுப்பிடலாம்.

மீறி உள்ளே போயிடுச்சுன்னா முதல் ஒரு மணி நேரம் ரொம்ப முக்கியம். பக்கெட் பக்கெட்டா தண்ணி ஊத்தித் தள்ளாதீங்க. ஊத்தினா மணலும் சிமெண்டும் டிராப்பைத் தாண்டி, படுக்கையாப் போற பைப்பில் போய்ப் படியும், அங்கே கை எட்டாது. கிளவுஸ் போட்டு, டிராப்பில் இருக்கிறதை ஒரு சின்னக் கிண்ணத்தால் அள்ளி வெளியே எடுங்க. அப்புறம்தான் தண்ணி. இறுகிப்போனதை ஆசிட் ஊத்திக் கரைக்கலாம்னு சொல்வாங்க. மேல்தோல் மட்டும் நுரைச்சு அடங்கும், மணல் அப்படியே இருக்கும். உளி வெச்சுத் தட்டினா பிவிசி டிராப் விரிசல் விட்டு கீழ்வீட்டுக்கு மறுபடி கசியும். நல்லா இறுகினதுக்கு வழி டிராப்பை மாத்தறதுதான். உங்க பாத்ரூமைத் திறக்கத்தான் போறாங்க, அப்பவே பழைய டிராப்பை எடுத்துப் புதுசு போடச் சொல்லுங்க. கசிவு பாதி நேரம் டிராப்புக்கும் காங்கிரீட்டுக்கும் நடுவில் உள்ள இடுக்கிலிருந்துதான் வருது.

இன்னொண்ணு, திங்கட்கிழமைக்கு முன்னாடி செய்ய வேண்டியது. வீட்டில் உள்ள எல்லா டிரெயினிலும் 15 லிட்டர் பக்கெட் தண்ணியை ஒரே மூச்சில் ஊத்தி, எத்தனை விநாடியில் இறங்குதுன்னு போனில் வீடியோ எடுங்க. வேலை முடிஞ்ச அன்னிக்கு அதே பக்கெட், அதே டிரெயின், மறுபடி வீடியோ. முன்னாடி 30 விநாடி, இப்ப 90 விநாடின்னா அடைச்சிருக்குன்னு யாரும் வாதாட வேண்டாம். உங்க யுட்டிலிட்டி டிரெயின் ஏற்கெனவே அடைப்புன்னும் அதே வீடியோவில் பதிவாயிடும்.

கிச்சன் டேப்பில் தண்ணி நூல் மாதிரி வர்றதுக்குக் காரணம் பைப் வெட்டின தூளும் டெஃப்லான் டேப் துணுக்கும். டேப் முனையில் உள்ள வலையைக் கையால் திருகிக் கழட்டுங்க, வரலைன்னா துணி சுத்தி பிளையரால். அலசிட்டு, வலை இல்லாமலேயே டேப்பை ரெண்டு நிமிஷம் முழுசாத் திறந்து விட்டு, அப்புறம் மாட்டுங்க. இந்தத் தடவை லைனில் தண்ணி திரும்ப விடறதுக்கு முன்னாடியே கிச்சன் டேப் வலையைக் கழட்டிடுங்க. கீசருக்கும் வாஷிங் மிஷினுக்கும் போற ஆங்கிள் காக்கை (சுவரில் உள்ள சின்ன வால்வு) மூடி வைங்க. முதலில் ஒரு டேப்பைத் திறந்து கலங்கல் போன பிறகு அதுகளைத் திறக்கலாம். வாஷிங் மிஷின் இன்லெட் ஹோஸைக் கழட்டினா உள்ளே சின்ன வலை ஒண்ணு இருக்கும், அதையும் ஒரு தடவை பாருங்க.

---

பளிச்வீடு:

ஹால் திட்டுக்கு ஆசிட்தான் வழி. ஹார்டுவேர் கடையில் பாட்டிலில் கிடைக்கும், ஊத்தித் தேய்ச்சா அஞ்சு நிமிஷத்தில் போயிடும்.

---

கல்லும்டைல்ஸும்:

@பளிச்வீடு, போகும், ஆனா கூடவே வேற சிலதும் போகும். அந்த ஆசிட் ஹைட்ரோகுளோரிக். டைல்ஸ் நடுவில் உள்ள சிமெண்ட் ஜாயிண்டை அரிக்கும், பக்கத்தில் உள்ள டேப்பின் குரோமை மங்கடிக்கும், எவர்சில்வர் ஜாலியில் புள்ளி புள்ளியாத் துரு வரும், ஆவி மூச்சை அடைக்கும். வீசிங் குழந்தை இருக்கிற வீட்டில் வேண்டவே வேண்டாம். பாத்ரூமில் பிளீச்சிங் பவுடர் போட்ட தரையில் தெரியாம ஊத்தினா குளோரின் வாயு வரும், அது ஆபத்து.

ஹால் தரை என்னன்னு முதலில் பாருங்க. மொசைக், மார்பிள், கடப்பாக் கல் மூணிலும் எந்த ஆசிட்டும் படக் கூடாது, எலுமிச்சையும் வினிகரும்கூட. கல்லே சுண்ணாம்பு வகை, அதனால் திட்டோட சேர்ந்து பாலிஷும் கரையும். அதுக்கெல்லாம் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரும் பொறுமையும்தான், மீதிக்கு பாலிஷ் போடறவரைக் கூப்பிடணும்.

விட்ரிஃபைட் அல்லது செராமிக் டைல்ஸா இருந்தா இப்படிச் செய்யலாம். திட்டு மேல் ஈரத்துணியைப் போட்டு அரை மணி நேரம் ஊற விடுங்க. மேடா இருக்கிறதை பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் படுக்கையாப் பிடிச்சுத் தள்ளுங்க. ஸ்க்ரூடிரைவர், பட்டி பிளேடு முனை எதுவும் வேண்டாம், பளபள விட்ரிஃபைடில் விழுற கீறல் வெளிச்சம் சாய்வா வர்றப்ப எப்பவும் தெரியும். மிஞ்சின வெள்ளைப் படலத்துக்கு சல்ஃபாமிக் ஆசிட் உள்ள டைல் கிளீனர் வாங்குங்க, லேபிளில் பேரைப் பாருங்க. ஜாயிண்டை முதலில் வெறும் தண்ணியால் நல்லா நனைச்சிடுங்க, நனைஞ்ச ஜாயிண்ட் ஆசிட்டை அவ்வளவா உறிஞ்சாது. லேபிள் சொல்ற அளவு தண்ணி கலந்து, சோபாவுக்கு அடியில் மறைவான ஒரு டைல்ஸில் சோதிச்சுப் பார்த்துட்டு, திட்டு மேல் மட்டும் மூணு நாலு நிமிஷம் வெச்சு நைலான் நாரால் தேய்ச்சுத் துடைங்க. அப்புறம் அரை பக்கெட் தண்ணியில் ரெண்டு ஸ்பூன் சமையல் சோடா கலந்து ஒரு தடவை, வெறும் தண்ணியில் ரெண்டு தடவை. ஒரு வருஷத் திட்டு முதல் தடவையில் முழுசாப் போகாது, ரெண்டு மூணு சுற்று ஆகும்.

புது பாத்ரூமுக்கு ஒரு எச்சரிக்கை. எபாக்ஸி ஜாயிண்ட் (சிமெண்டுக்குப் பதிலா பிசின் ரொப்பறது) போடறாங்கன்னா மேலே படியுற பிசினை அன்னிக்கே, அது இறுகறதுக்குள் துடைச்சாகணும். மறுநாள் ஆனா எந்தக் கிளீனரும் சுலபத்தில் எடுக்காது. ஜாயிண்ட் போடற அன்னிக்கு சாயந்திரம் லைட்டைத் தரைக்குச் சாய்வாக் காட்டி ஒவ்வொரு டைல்ஸாப் பாருங்க. மங்கலா மேகம் மாதிரி தெரிஞ்சா அங்கே ஆள் இருக்கிறப்பவே சொல்லிடுங்க.

---

ஈரத்துணி:

தூசியைப் பத்தி. உடைக்கிற நாளும் டைல்ஸ் வெட்டற நாளும் குழந்தை வீட்டில் இருக்கவே கூடாது, சொந்தக்காரங்க வீட்டுக்கு அனுப்பிடுங்க. சாயந்திரம் உடனே கூட்டிட்டு வரவும் வேண்டாம். டைல்ஸிலும் கலவையிலும் உள்ள சிலிக்கா தூள் ரொம்ப நைஸ், கண்ணுக்குத் தெரியாம மணிக்கணக்கில் மிதக்கும். அறையைத் துடைச்ச பிறகும் மறுநாள் காலையில் மேஜை மேல் ஒரு படலம் இருக்கும். ரெண்டாம் தடவை துடைச்ச பிறகுதான் குழந்தை வரணும். நெபுலைசர், இன்ஹேலர், மருந்து எல்லாம் மூடின பெட்டியில் வேற அறையில் இருக்கட்டும்.

பாத்ரூம் கதவு நிலைக்கு ரெண்டு பாலித்தீன் ஷீட்டை மேலிருந்து தொங்க விடுங்க. ஒண்ணு இடது பக்கம் டேப், ஒண்ணு வலது பக்கம் டேப், நடுவில் ஒண்ணரை அடி ஒண்ணு மேல் ஒண்ணு ஏறி நிக்கணும். ஆள் புகுந்து போகலாம், விட்டதும் தானா மூடிக்கும். பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு வைங்க, காத்து வீட்டிலிருந்து பாத்ரூமுக்குள் இழுபடும், தூசி ஹாலுக்கு வராது. மோட்டாரில் படிஞ்ச தூளை வேலை முடிஞ்சதும் துடைச்சிடணும். சீலிங் ஃபேனையும் ஏசியையும் வேலை நடக்கிறப்ப போடாதீங்க. ஏசி ஃபில்டர் அடைச்சு, அடுத்த ஒரு வாரம் அதையே அறைக்குள் திருப்பி விடும். ஏசி, கம்ப்யூட்டர், டிவிக்கு பெட்ஷீட் போதாது, பாலித்தீன் கவர் போட்டு டேப் ஒட்டுங்க. கம்ப்யூட்டரை அணைச்ச பிறகு மூடணும்.

உளியால் உடைக்கிறதுக்கு முன்னாடி தரையில் தண்ணி தெளிச்சா பாதித் தூசி அடங்கும். டெமாலிஷன் மிஷின் போட்டா தெளிக்கிறதை ஒயருக்கு எட்டாத இடத்தில் மட்டும். உள்ளே வேலை செய்யறவங்களுக்கும் என்95 மாஸ்க் வாங்கி வைங்க, முகத்தில் கட்டற துண்டு அந்தத் தூளைத் தடுக்காது.

சாயந்திரம் வேலை நின்னதும் உடனே பூந்துடைப்பம் எடுக்காதீங்க, படிஞ்சதையே திரும்பக் கிளப்பும். ஒரு மணி நேரம் கழிச்சு, மேலிருந்து கீழே: ஃபேன் இறக்கை, அலமாரி மேல், ஜன்னல் திட்டு, கடைசியில் தரை. கல்லும் சில்லும் கிடந்தா முதலில் அதை மட்டும் பொறுக்கி எடுத்துட்டு, பிழிஞ்ச ஈரத் துணி. தண்ணியை வாரி ஊத்தி மாப் போட்டா சிமெண்ட் தூள் பசையாகி ஜாயிண்டில் இறங்கிடும். துணியை அலசற தண்ணி ரெண்டு அறைக்கு ஒரு தடவை மாறணும். வீட்டு வேக்குவம் கிளீனர் பையும், நைஸ் தூளைப் பிடிக்கிற ஹெப்பா ஃபில்டரும் உள்ள மாடலா இருந்தா சரி. பை இல்லாத மாடலில் சிமெண்ட் தூள் ஃபில்டரை ஒரே நாளில் அடைக்கும்.

---

வாடகைஒப்பந்தம்:

செலவு யாருடையது என்ற கேள்விக்கு. தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டத்தின்படி, கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுதும், தேவைப்படும்போது குழாய் மாற்றுவதும் வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. டேப் வாஷர், டேப் மாற்றுவது, டிரெயின் சுத்தம் செய்வது போன்ற சில்லறை வேலைகள் வாடகைதாரருடையது. உங்கள் பாத்ரூம் கசிவு முதல் வகை. அந்த வேலையால் வரும் ரப்பிஷும் சுத்தமும் அதே வேலையின் பகுதி என்று எழுதிக் கேளுங்கள்.

யுட்டிலிட்டி டிரெயின் விஷயத்தில் கவனம். டிரெயின் சுத்தம் உங்கள் பொறுப்பு என்பதால், அது சிமெண்டால் அடைத்தது, போன வருட வேலையில் அடைத்தது என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டியிருக்கும். அன்று அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியோ படமோ இருந்தால் எடுத்து வையுங்கள். இந்தத் தடவை இந்தச் சிக்கல் வராமலிருக்க மேலே சொன்ன பக்கெட் வீடியோ நல்ல சாட்சி.

ஆள் வருவதற்கு 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் அறிவிப்பு தர வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் உண்டு. மேஸ்திரி நினைத்த நேரத்தில் வந்து மணி அடிக்க வேண்டியதில்லை. ஓனருக்கு இப்படி ஒரு செய்தி அனுப்பலாம்:

"சார், திங்கள் முதல் பாத்ரூம் வேலைக்குச் சம்மதம். வேலை நேரம் காலை 9 முதல் மாலை 6 வரை. தினசரி கூட்டுவது, ரப்பிஷ் சாக்கில் கட்டி வண்டியில் அனுப்புவது, கடைசி நாள் சிமெண்ட் கறை எடுப்பது மூன்றும் மேஸ்திரி கொட்டேஷனில் சேர்த்து எழுதி வாங்கிவிடுங்கள். இன்று எடுத்த வீட்டுப் படங்களையும் டிரெயின் வீடியோவையும் அனுப்புகிறேன். முடிந்த பிறகு அதே இடங்களை மறுபடி எடுத்து அனுப்புகிறேன். பார்த்த பிறகு கடைசித் தொகையைக் கொடுங்கள்."

படம் எடுக்கும்போது தரை, கதவு நிலை, சுவர் மூலை, லிஃப்டின் உட்புறம், படிக்கட்டு எல்லாம் வரட்டும். லிஃப்டில் ஏற்கெனவே உள்ள கீறலுக்கு உங்களிடம் கேட்கக் கூடாது.

ரப்பிஷைத் தெருவிலோ காலி மனையிலோ கொட்டினால் மாநகராட்சி அபராதம் போடும். சென்னையில் கட்டட இடிபாட்டுக்கெனத் தனி மறுசுழற்சி மையங்கள் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இருக்கின்றன. உங்கள் பகுதிக்குப் பெருங்குடிதான் கிட்டம். மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் போன் செய்து எடுத்துப்போக ஏற்பாடு கேளுங்கள். வீட்டுக் குப்பை எடுக்கும் வண்டியில் இதைப் போடக் கூடாது.

---

மூணாவதுமாடி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஹால் தரை விட்ரிஃபைட்தான், ஒரு மூலையில் சோதிச்சுப் பார்க்கறேன். மேஸ்திரிகிட்ட போனில் கேட்டேன்: சங்கன் ஸ்லாப், ஜல்லியும் எடுக்கணும்னு சொல்றார். ஆனா அஞ்சு நாள்தான்னு உறுதியா இருக்கார், ஓனரும் அதையே சொல்றார். வாட்டர்ப்ரூஃபிங் கசியுதான்னு பார்க்க தரையில் தண்ணி கட்டி சோதிக்கணுமே, அது எத்தனை நாள் பிடிக்கும்? அதை விட்டுட்டா என்ன ஆகும்?

---

கொத்துக்கரண்டி:

விட்டுட்டா இந்த 70 சாக்கும் ரெண்டாம் தடவை இறங்கும். வீட்டை ஒரு தடவை பாழாக்கிச் சரி பண்றதே கஷ்டம். அதனால சுத்தத்துக்காகவே இந்தச் சோதனையில் விட்டுக்கொடுக்காதீங்க.

கணக்கு இப்படி. உடைச்சு ஜல்லி எடுத்து ரப்பிஷ் இறக்க ரெண்டு நாள். டிராப் மாத்தி, பைப் நுழையற இடத்தில் சுருங்காத கிரவுட் (இடுக்கை அடைக்கிற கலவை) ரொப்பி, மூலையெல்லாம் வளைவாப் பூசி முடிக்க ஒரு நாள். பூச்சு காயணும். அப்புறம் வாட்டர்ப்ரூஃபிங் ரெண்டு கோட், முதல் கோட் நீளவாக்கில், ரெண்டாவது குறுக்கே. நடுவிலும் கடைசியிலும் காய வேண்டிய நேரம் பாக்கெட்டிலேயே போட்டிருக்கும், அதைப் போனில் படம் எடுத்து ஓனருக்கு அனுப்புங்க. அது காஞ்ச பிறகு டிராப் வாயை அடைச்சு, ஒண்ணு ஒண்ணரை அங்குலத்துக்குத் தண்ணி கட்டி 48 மணி நேரம். இதெல்லாம் கூட்டிப் பாருங்க, டைல்ஸ் தொடறதுக்கு முன்னாடியே அஞ்சு நாள் தாண்டிடும். பத்து பன்னெண்டு நாள்தான் நேர்மையான கணக்கு. தண்ணி கட்டற ரெண்டு நாளும் ஆள் வர மாட்டாங்க, வீட்டில் தூசியும் இருக்காது, உங்களுக்கு அது ஓய்வு நாள்.

தண்ணி கட்டினதும் மட்டத்தைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு நேரம் எழுதுங்க. ஒரு பக்கெட்டிலும் அதே நேரத்தில் தண்ணி வெச்சுக் கோடு போட்டுப் பக்கத்திலேயே வைங்க. ரெண்டும் ஒரே அளவு இறங்கினா அது வெயிலில் ஆவியானது. தரையில் மட்டும் கூட இறங்கினா கசிவு.

கீழ்வீட்டு சீலிங்கை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க. ஸ்லாபுக்குள் ஊறின பழைய தண்ணி சோதனைக்குப் பிறகும் சில நாள் சொட்டலாம். கீழே போய், ஈரக்கறையோட ஓரத்தை அவங்க அனுமதியோட பென்சிலால் சுத்திக் கோடு போட்டுட்டு வாங்க; கறை கோட்டைத் தாண்டிப் பரவுதான்னுதான் பார்க்கணும்.

டைல்ஸ் போட்ட பிறகு, ஜாயிண்ட் ரொப்பறதுக்கு முன்னாடி தூர மூலையில் ஒரு மக்கு தண்ணி ஊத்துங்க. எட்டடிக்கு ஒரு அங்குலத்துக்குக் குறையாம சரிவு இருந்தா தானா டிராப்புக்கு ஓடிடும். எங்கேயாவது தேங்கினா அந்த ஒரு டைல்ஸை அப்பவே எடுத்துப் போடச் சொல்லலாம், ஜாயிண்ட் காஞ்ச பிறகு முடியாது. துணி அடைப்பை எடுக்கிறது கடைசி வேலை: ஜாயிண்ட் துடைச்சு, தரை கழுவின சேத்தையும் அள்ளின பிறகுதான் அந்தக் கயித்தை இழுக்கணும்.